ஜெயராணியின் இடது கண்

இதை எனக்கு முதன்முதல் சொன்னவர் ஹமீமா தாத்தா. தாத்தா என்றதும் தாடி வைத்த கிழவரை நினைத்துவிடாதேயுங்கோ. கொழும்பு முஸ்லிம் ஆட்கள் அக்காவைத்தான் தாத்தா என்று கூப்பிடுவார்கள். போன நோன்பில் ஒரு வெள்ளிக்கிழமை, பின்னேரம் ஐந்து மணி இருக்கும், கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தார். கிண்ணத்தை மேசையில் வைத்தவர் திரும்பிப் போகவில்லை. கதவில் சாய்ந்து நின்று சிரிக்கத் தொடங்கினார். விடியத் தொடக்கம் தண்ணீர் படாத வாய். அந்த வாய் அப்படிச் சிரிக்கிறதென்றால் விஷயம் சின்னதாக இருக்காது.

"எங்கட மேல்மாடிக் கிருபாகரன் தம்பிட கதையக் கேட்டீங்களா?" என்றார்.

நான் சாமிப் படத்துக்கு விளக்கு வைக்கத் திரி திரித்துக்கொண்டிருந்தேன். திரியை அப்படியே கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். கடவுள் மன்னிக்க வேண்டும்.

தாத்தாவுக்குத் தெரியாத இடங்களும் கதையில் உண்டு. அவற்றைக் கிருபாகரனே தன் வாயால், தாத்தாவின் கணவர் ஹாஷிம் நானாவிடம் சொல்லியிருக்கிறார். மின்சாரம் போய் லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்ற நாள். முக்கால் மணித்தியாலம். இரண்டு ஆம்பிளைகள் இருட்டில் நின்று வேறு என்னத்தைக் கதைப்பது?

கிருபாகரன் இரத்மலானையில் ஒரு கம்பனியில் முப்பத்தேழு வருஷம் டிராஃப்ட்ஸ்மனாக இருந்தவர். தண்ணீர்த் தாங்கி, பாலம், களஞ்சியம் எல்லாவற்றுக்கும் பிளான் கீறுகிற வேலை. அவர் கீறின கோட்டை அழித்து இன்னொருதரம் கீறினதாக அந்தக் கம்பனியில் சரித்திரமே இல்லையாம். இது அவரே சொல்லுவது. ஓய்வு எடுத்து இரண்டு வருஷம். கை சும்மா இருந்தாலும் கண் சும்மா இருக்காது. சுவரில் கலண்டர் ஒரு நூல் சரிந்திருந்தால் சோறு இறங்காது. பேக்கரிப் பாணை ஸ்கேல் வைத்து வெட்டாத குறை. கோயிலுக்குப் போனால் சாமியைப் பார்க்க மாட்டார். ஐயரின் நெற்றியில் திருநீற்றுக் குறி மூன்றும் சமாந்தரமாக இல்லையே என்று அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். பிள்ளையார் பெரிய மனசுக்காரர். பொறுத்துக்கொண்டார்.

மனைவி ஜெயராணிக்கு ஐம்பத்தெட்டு வயது. பிள்ளைகள் இரண்டும் வெளிநாட்டில். வெள்ளவத்தைக் காலி வீதி நடைபாதையில் பின்னேரம் ஒரு நடை நடந்தால் அவளுக்கு ஏதாவது அகப்படும். ஏற்றுமதிக்குப் போகாமல் மிஞ்சின மேற்சட்டை, ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம். மருதானையில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சின்னக் கடையில் கறுப்பு மணி வைத்த தோடு. கடைக்காரப் பெண் நதீஷா "அக்கே, லஸ்ஸனய்!" என்று கண்ணாடியைப் பிடித்தால், வடிவாயிருக்கு என்று சொல்லுகிற அந்தக் குரலுக்காகவே வாங்கிவிடுவாள். வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் பரப்பி வைத்துப் பார்ப்பாள். கிருபாகரன் அறைக்குள் வருவார், அதற்கு மேலேயே உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றுவார்.

இப்படி இருக்கிற நாளில்தான் அவள் படித்த கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்து ஆட்கள் கூப்பிட்டார்கள். எண்பத்திநாலாம் ஆண்டில் படித்து முடித்த பெண்கள் எல்லாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிச் சாப்பிடப் போகிறார்களாம். நாற்பது வருஷத்துக்குப் பிறகு. ஜெயராணி அன்றைக்கே கடல்பச்சை நூல்சேலை ஒன்று எடுத்தாள். மெல்லிய கறுப்புக் கரை. மெல்பேர்னில் இருக்கும் மகள் துஷ்யந்தி ஒரு பார்சல் அனுப்பினாள். அதற்குள் பேனை மாதிரி ஒரு மை.

திங்கட்கிழமை காலை, பத்திரிகையும் கையுமாக வெளியே வந்த கிருபாகரன் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டார்.

"இதென்ன கோலம்?"

"எது?"

"கண்ணில."

"மை."

"மை எண்டு தெரியுது. அது ஏன் காதுப் பக்கம் ஓடுது?"

"அது சிறகு. இப்ப எல்லாரும் அப்பிடித்தான் போடுறவை."

"எல்லாரும் எண்டா ஆர்?"

"கீழ்மாடி நிஷாந்தினி."

"அந்தப் பிள்ளைக்கு இருபத்திரண்டு வயசு!"

"அவளுக்கும் ரெண்டு கண்தான். எனக்கும் ரெண்டு கண்தான். கூடக் குறைய இருந்தாச் சொல்லுங்கோ பாப்பம்."

கிருபாகரன் பத்திரிகையை மடித்தார். பிறகு விரித்தார். அவருக்கு உள்ளே என்ன நடந்தது என்பதை லிஃப்டுக்குள் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை இவள் இந்தக் கண்ணோடு போனால் அது ஒரு நாளோடு நிற்காது. பிறகு கூட்டாளிகளின் வீடு, பிறந்தநாள், அந்தக் கடை, இந்தக் கடை. தான் டீவிக்கு முன்னால் தனிய இருந்து ஆறின தேத்தண்ணி குடிக்க வேண்டும். ஆகவே இந்த மையை இந்தக் கிழமையே நிறுத்தியாக வேண்டும். அன்று காலை பல் தீட்டிக்கொண்டே சபதம் எடுத்தார்.

ஆனால் போடாதே என்று வாயைத் திறந்து சொல்லுகிற பிழையை அவர் செய்யவில்லை. கலியாணம் முடித்து முப்பத்தாறு வருஷம். ஒருதரம் இரவு நாடகம் பார்க்கக் கூடாது என்று சொல்லி, மூன்று நாள் பாணும் சம்பலும் சாப்பிட்ட மனுஷன். அனுபவம் இருக்கிறது. அதனால் வேறு வழி எடுத்தார். அலுமாரிக்கு மேலிருந்த பழைய பெட்டியை இறக்கினார். ஸ்கேலும் கவராயமும் எடுத்து மேசையில் வைத்தார்.

"ஜெயா, இஞ்ச வா. நான் மை போட வேண்டாம் எண்டு சொல்லேல்லை."

"ஓகோ."

"போடு. வடிவாப் போடு. ஆனா ஒரு நிபந்தனை. வலக் கண்ணும் இடக் கண்ணும் ஒரே அளவா இருக்க வேணும். என்ர வீட்டிலயிருந்து கோணல் வேலை வெளியில போகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை நான் அளப்பன். சரியா வந்தாப் போடு. வராட்டி முகத்தைக் கழுவிப்போட்டு, எப்பவும் போல போ."

"அளப்பீங்களோ? எதால?"

"இதால."

"ஐயோ, அந்தக் கூர் முனையை என்ர கண்ணுக்குக் கிட்டக் கொண்டு வராதேயுங்கோ!"

"தூரத்தில பிடிச்சு அளப்பன். முப்பத்தேழு வருஷம் அளந்த கை."

ஜெயராணி கொஞ்சம் யோசித்தாள். சேலைத் தலைப்பால் மேசையைத் துடைத்தாள். "சரி," என்றாள். அவ்வளவுதான்.

இவ்வளவு லேசாக ஒத்துக்கொண்டாளே என்று ஒரு கணம் அவருக்குச் சந்தேகம் வந்ததாம். வந்த சந்தேகத்தைத் தேத்தண்ணியோடு சேர்த்து விழுங்கிவிட்டார். ஏனென்றால் கணக்கு அவர் பக்கம். ஜெயராணிக்கு மூக்குக்கண்ணாடி இல்லாவிட்டால் தன் விரல் தெரியாது. மூக்குக்கண்ணாடி போட்டால் கண்ணுக்குள் பேனை போகாது. நம் வயதுப் பெண்கள் எல்லாருக்கும் உள்ள சங்கடம் இது. ஆண்டவன் கண்ணையும் தந்து, மையையும் தந்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு கண்ணாடியையும் வைத்துவிட்டார். இவளால் எப்படி இரண்டு பக்கமும் சரியாகக் கீற முடியும்?

முடியவில்லை. செவ்வாய்க்கிழமை வலக் கண் அருமையாக வந்தது. இடக் கண்ணின் வால் ஒரு நெல்மணி அளவு மேலே ஏறிவிட்டது.

"இடது பக்கம் மூண்டு மில்லிமீற்றர் கூட," என்றார் கிருபாகரன். மனதுக்குள் அவ்வளவு சந்தோஷம்.

"நாளைக்குப் பாப்பம்," என்றாள் ஜெயராணி. கழுவவில்லை. அப்படியே சமைத்தாள். அப்படியே கறி பரிமாறினாள். அந்தக் கோணல் அவருடைய தட்டுக்கு நேரே வந்து குனிந்து, "இன்னும் கொஞ்சம் பருப்பு விடட்டோ?" என்று கேட்டது.

"வேண்டாம்."

"ஏன், சாப்பாடு பிடிக்கேல்லையோ?"

"நீ போய் முகத்தைக் கழுவன்."

"பின்னேரம் கழுவுறன். மை விலை கூடின சாமான், மகள் அனுப்பினது. வீணாக்கக் கூடாது."

புதன்கிழமை இடது வால் கீழே இறங்கிவிட்டது. ஒரு கண் சிரிக்கிறது, மற்றக் கண் செத்த வீட்டுக்குப் போகிறது. அந்த முகத்தோடு நாள் முழுக்க வீட்டுக்குள் நடந்தாள். கிருபாகரன் டீவியைப் போட்டார். செய்தி வாசிக்கிற பெண்ணின் கண்ணிலும் அதே சிறகு. அவர் செய்தியைக் கேட்கவில்லை. எழும்பிப் போய்த் திரைக்குக் கிட்ட நின்று பார்த்தார். அவளுக்கு இரண்டும் சரியாக இருந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. பின்னேரம் பஸ்ஸில் பம்பலப்பிட்டி வரைக்கும் போனார். ஏறின பெண்கள் இறங்கின பெண்கள் எல்லாருடைய கண்வாலையும் அளந்துகொண்டே போனார். ஒரு சிங்கள மனுஷி "மொகத மாத்தயா பலன்னே?" என்று சத்தம் போட்டாள். என்ன ஐயா பார்க்கிறீர் என்று அறுபத்திரண்டு வயதில் பஸ்ஸில் கேட்கப்படுவது எவ்வளவு மானக்கேடு! அடுத்த தரிப்பில் இறங்கி நடந்து வந்தார்.

வந்து கதவைத் திறந்தால் முன்னால் அதே இடது கண்.

"தேத்தண்ணி போடட்டோ?"

"ஜெயா, நீ எப்பிடிக் கீறுறனி? ஒருக்காச் சொல்லு."

"எப்பிடி எண்டா? தொடங்கி, அப்பிடியே கொண்டு போறது."

"கொண்டு போறதோ? புள்ளி வைக்கிறேல்லையோ?"

"என்ன புள்ளி?"

கிருபாகரன் தலையில் கை வைத்தார். புள்ளி வைக்காமல் கோடு கீறுகிற ஒரு ஆளோடு முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறார்!

அன்று பின்னேரமே கடதாசி விரித்தார். ஜெயராணியின் கண்ணைப் பிளானாகக் கீறினார். மேலிருந்து ஒரு தோற்றம், முன்னாலிருந்து ஒரு தோற்றம். இமையின் அடியில் இருந்து வால் எந்தப் புள்ளியில் எழும்ப வேண்டும், புருவத்தின் நுனியை நோக்கி எத்தனை பாகையில் போக வேண்டும், எங்கே மெலிய வேண்டும், எல்லாம் அம்புக்குறி போட்டு எழுதினார். கீழே வலது மூலையில் பெட்டி அடித்தார். திருமதி ஜெ. கிருபாகரன். இடது கண். அளவுத்திட்டம் ஒன்றுக்கு ஐந்து. கையெழுத்தும் வைத்துத் தேதியும் போட்டார்.

"முதல்ல மூண்டு புள்ளி. பிறகு புள்ளியைப் புள்ளியோட சேர். முழங்கையை மேசையில ஊண்டு. மூச்சை அடக்கு. பேனையை இழுக்க வேணும், தள்ளக் கூடாது. விளங்குதோ?"

"வடிவா விளங்குது," என்றாள் ஜெயராணி. பிளானைக் கண்ணாடியில் ஒட்டினாள்.

இந்த இடத்தில் நீங்கள் என்னிடம் கேட்கலாம், மையை நிறுத்தப் புறப்பட்ட மனுஷன் மை போடப் பாடம் நடத்துகிறாரே என்று. நானும் ஹமீமா தாத்தாவிடம் அதைத்தான் கேட்டேன். "அவருக்கு அந்த நேரம் அது ஞாபகமே ஈக்கல்ல," என்றார் தாத்தா.

வியாழக்கிழமை காலை ஜெயராணி பிளானைப் பார்த்துக் கீறினாள். வெளியே வந்தாள். கிருபாகரன் பார்த்தார். இடது வால் நடுவில் ஒரு வளைவு வளைந்து, களனி ஆறு மாதிரி ஓடியிருந்தது.

"என்னடியப்பா இது!"

"உங்கட பிளான்படிதான் கீறினனான்."

"என்ர பிளானில வளைவு எங்க இருக்கு?"

"அப்ப பிளான் பிழையாக்கும்."

காகம்கூட ஜன்னலை விட்டுப் பறந்துவிட்டது. பிளான் பிழை! கம்பனியின் பெரிய எஞ்சினியர் சொல்லாத வார்த்தை. இத்தனை வருஷத்தில் ஒரு பாலம் சொல்லாத வார்த்தை.

"என்ர பிளான் பிழையோ?"

"நான் என்னத்தைக் கண்டன்? படிப்பில்லாதவள். கடதாசி தட்டையா இருக்கு. கண் தட்டை இல்லையே எண்டு சொன்னனான்."

"தா பேனையை!"

"எதுக்கு?"

"தா எண்டு சொல்லுறன்! அந்தக் கதிரையில இரு. வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பு. கதைக்காதை!"

ஜெயராணி இருந்தாள். வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பினாள். மேசையில் முழங்கையை ஊன்றினார் கிருபாகரன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, ஏற்றினார். "கண்ணை மூடு," என்றார். மூன்று புள்ளி. மூச்சை அடக்கி ஒரு இழுவை. ஊசி மாதிரிக் கோடு. பெருமையோடு பின்னால் சாய்ந்தார்.

"இப்ப திற."

திறந்தாள். கோட்டைக் காணவில்லை. வயதுக்கு இமை கொஞ்சம் மடிந்திருந்தது. அந்த மடிப்பு கோட்டைப் பாதி விழுங்கிவிட்டது. வால் மட்டும் தனியாக வெளியே நின்றது, பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் மாதிரி.

"மூடின நேரம் சரியாத்தானே இருந்தது?" என்றார்.

"நான் கண்ணை மூடிக்கொண்டோ கொட்டாஞ்சேனைக்குப் போறது?"

அவர் பஞ்சை நனைத்துத் துடைத்தார். மனுஷனுக்கு விளங்கிவிட்டது. மூடின கண்ணுக்குக் கீறக் கூடாது. திறந்த கண்ணுக்குத்தான் கீற வேண்டும். மடிப்பு எங்கே விழுகிறது என்று பார்த்து, அதற்கு வெளியே புள்ளி வைக்க வேண்டும்.

"திற. அங்க இங்க பாக்காதை. நேர பார்."

"எங்க நேர?"

"என்னை."

ஜெயராணி அவரை நேரே பார்த்தாள்.

கிருபாகரனுக்குப் பேனை பிடித்த கை அந்தரத்தில் நின்றுவிட்டது. இந்தக் கண்ணை அவருக்குத் தெரியும். எண்பத்தாறாம் ஆண்டு. கொட்டாஞ்சேனையில் ஒரு அறை எடுத்து இருந்தார். காலையில் புறக்கோட்டைக்கு ஓடுகிற பஸ்ஸில் டைப்பிங் வகுப்புக்கு ஒரு பெண் வருவாள். அவளை நேரே பார்க்கத் துணிவு இருந்ததில்லை; பக்கவாட்டில்தான் பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பின முகம், கண்ணின் கடைசியில் இம்மியளவு மை வால். விளக்குப் புகையைச் சட்டியில் பிடித்து ஆமணக்கெண்ணெய் விட்டுக் குழைத்த வீட்டு மை. ஒருநாள் வேலையில் தன்னை மறந்து அந்த வாலைத் தண்ணீர்த் தாங்கிப் பிளான் ஒன்றின் ஓரத்தில் கீறிவிட்டார். பெரிய எஞ்சினியர் பிளானைத் தூக்கிப் பார்த்து, "மிஸ்டர் கிருபாகரன், இந்தக் குழாய் எங்க போகுது?" என்று கேட்டாராம்.

"என்ன, கை நடுங்குதோ?" என்றாள் ஜெயராணி.

"நடுங்கேல்லை. நீ... இந்த மையை எப்ப விட்டனி?"

"மகன் நிரோஷன் பிறந்த கையோட."

"ஏன்?"

"இரவு நித்திரை இல்லை. காலையில நேரம் இல்லை. ஒருநாள் போடேல்லை. மற்ற நாளும் போடேல்லை. நீங்கள் ஒண்டும் கேக்கேல்லை. சரி, தேவையில்லைப் போல எண்டு விட்டிட்டன்."

"நான் கவனிச்சனான்."

"என்னத்தை?"

கிருபாகரன் பேனையைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்தார். மூன்று புள்ளி வைத்தார். மூச்சை அடக்கினார். இழுத்தார்.

வெள்ளிக்கிழமை பயிற்சி. சனிக்கிழமை பயிற்சி. பயிற்சி வேண்டும் என்று சொன்னவர் கிருபாகரன்தான். பிளான் ஒட்டுகிற காகித டேப்பைச் சின்னத் துண்டாக வெட்டி, கண்வாலுக்குப் பக்கத்தில் சாய்த்து ஒட்டி, அதன் ஓரமாகக் கோட்டை இழுத்தால் கத்தி மாதிரி வரும் என்று கண்டுபிடித்தார். சேலைக் கரையைக் கொண்டுவரச் சொல்லி, அதன் தடிப்புக்கும் கண்ணின் கோட்டுக்கும் பொருத்தம் பார்த்தார். மருதானைத் தோட்டைப் போடச் சொல்லி, "இந்தத் தோடு எப்ப வாங்கினது? நல்லாத்தானே இருக்கு," என்றார். அது அவர் மேலே உட்கார்ந்து சப்பாத்துக் கழற்றின தோடு.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு கண்ணும் முடிந்தது. அளப்பன் என்று சொன்னவர் அளக்கவில்லை. தான் கீறினதைத் தான் அளப்பது டிராஃப்ட்ஸ்மனுக்கு மரியாதை இல்லையாம். கீழே இறங்கி ஓட்டோ பிடித்துக் கொடுத்தார். "காத்து கண்ணில படாமல் இரு, மை கலையும்," என்று சொன்னார். ஓட்டோக்காரரிடமும் மெதுவாகப் போகச் சொன்னார்.

பிறகு அன்றைக்குப் பகல் முழுவதும் அவர் டீவிக்கு முன்னால் தனிய இருந்து ஆறின தேத்தண்ணி குடித்தார். சபதம் எடுத்த அன்று எதற்குப் பயந்தாரோ அதுதான். ஆனால் அவருக்கு அது தெரியவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் எழும்பி ஜன்னலால் பார்த்தார்.

ஐந்து மணிக்கு ஜெயராணி வந்தாள். வாசலிலேயே மறித்தார்.

"என்ன சொன்னவை?"

"ஆர்?"

"உன்ர கூட்டாளிமார்தான்! கண்ணைப் பாத்து என்ன சொன்னவை?"

"எந்த சலூனில செய்தது எண்டு எல்லாரும் கேட்டவை. சிவமணி நம்பரும் கேட்டவள்."

"நீ என்ன சொன்னனி?"

"இரத்மலானைப் பக்கம் பழைய இடம், இப்ப புது ஆக்களை எடுக்கிறேல்லை எண்டு சொன்னன்."

கிருபாகரனுக்கு அன்று இரண்டு பிடி சோறு கூட இறங்கியது.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. காலை தேத்தண்ணி குடித்து முடிய ஜெயராணி தானே ஒருதரம் கீறிப் பார்ப்பாள். இடது கண் கோணும். "என்னப்பா, இண்டைக்கும் பிழைச்சுப்போச்சு," என்பாள். கிருபாகரன் பெருமூச்சு விட்டுக்கொண்டு பத்திரிகையை வைப்பார். சந்தைக்குப் போகவும் கண் கீறினார். களுபோவில ஆஸ்பத்திரியில் சொந்தக்காரரைப் பார்க்கப் போகவும் கீறினார், அதற்கு மட்டும் வாலைக் கொஞ்சம் குறைத்து. நோயாளியைப் பார்க்கப் போகிற கண் அடக்கமாக இருக்க வேண்டுமாம்.

இவ்வளவு திறமையை ஒரு மனுஷன் எத்தனை நாளைக்கு மனதுக்குள் வைத்திருப்பார்? ஒருநாள் காலை பத்திரிகை எடுக்கக் கீழே வந்தவர், ஹமீமா தாத்தாவின் கதவு திறந்திருக்கக் கண்டு நின்றார்.

"தாத்தா, ஜெயாட கண்ணைக் கண்டனீங்களோ?"

"கண்ட, கண்ட. அழகா ஈக்கி."

"அது நான் கீறுறது. அவவுக்கு வராது பாருங்கோ. கையில உறுதி இல்லை. பாவம், எவ்வளவு சொல்லிக் குடுத்தும் இடது பக்கம் கோணிப்போகுது."

ஹமீமா தாத்தா அவரை மேலும் கீழும் பார்த்தார். மறைக்கத்தான் நினைத்தாராம். வாய் கேட்கவில்லை.

"யாருக்குத் தம்பி வராது? எங்கட மகள் பர்ஹாட கலியாணத்தில பொண்ணுக்குக் கண் கீறினது யார் எண்டு நெனச்சீங்க? ஜெயராணிதான். எனக்கும் கீறின. எங்கட பொம்புளயாக்கள் பதினோரு பேருக்குக் கீறின. ஓங்கள ஆம்புளயாக்கள்ட பக்கம் இருத்தி சோறு தந்தமே, ஓங்களுக்கு எங்க தெரியப் போகுது?"

கிருபாகரன் கையிலிருந்த பத்திரிகையை மடித்தார். "அது... மற்ற ஆக்களுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு கீறலாம் தாத்தா. தன்ர கண்ணுக்கு..."

"தன்ட கண்ணுக்கும் வாற. பெருப்பிச்சுக் காட்டுற கண்ணாடி ஒண்டு பர்ஹா குடுத்த. அத வச்சு எனக்கு முன்னாலேயே ரெண்டு கண்ணயும் கீறிக் காட்டின. மயிர் பிசகல்ல."

"அப்ப ஏன் எனக்கு முன்னால கோணல்கோணலா..."

"நானும் அதத்தான் கேட்ட. 'தாத்தா, அந்த மனுசன் ரிட்டயராகி ரெண்டு வருசம். என்ட மூஞ்ச ஒருக்கா நேராப் பாக்கல்ல. கோணலா ஒரு கோட்டக் கண்டாத்தான் பாப்பார்' எண்டு செல்லின."

கிருபாகரன் லிஃப்டுக்குப் போகவில்லை. படிக்கட்டால் ஏறினார். ஒவ்வொரு மாடியிலும் ஒரு சபதம் எடுத்தார். முதலாம் மாடியில், இனிப் பேனையைத் தொடமாட்டேன் என்று. இரண்டாம் மாடியில், எல்லாவற்றையும் அவள் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவேன் என்று. மூன்றாம் மாடியில், கவராயத்தால் அந்தக் கோணல்களை அளந்து அவள் வேண்டுமென்றே செய்ததை நிரூபிப்பேன் என்று. நாலாம் மாடிக்கு வர மூச்சு வாங்கியது.

உள்ளே ஜெயராணி ஜன்னல் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தாள். வலக் கண் சரி. இடக் கண் கோணல்.

"என்னப்பா, இண்டைக்கும் பிழைச்சுப்போச்சு."

கிருபாகரன் அந்தக் கோணலைக் கிட்டப் போய்ப் பார்த்தார். முதல்தரம் ஒழுங்காகப் பார்த்தார். கைநடுக்கம் ஒரு இடத்திலும் இல்லை. ஓரம் பிசிறவில்லை. தொடங்கின இடமும் முடிந்த இடமும் ஊசி. இப்படி ஒரு கோணலைக் கீறுகிற கை கம்பனியில் ஒருவருக்கும் இருந்ததில்லை.

கேட்கத்தான் வாயைத் திறந்தார். திறந்த வாயோடு யோசித்தார். கேட்டால் இவள் சிரித்துக்கொண்டு உண்மையைச் சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டால் நாளைக் காலை இந்தக் கதிரை வெறுமையாக இருக்கும். அவர் டீவிக்கு முன்னால் இருப்பார்.

வாயை மூடினார். கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார்.

"தா பேனையை. நேர பார்."

பார்த்தாள். மூன்று புள்ளி வைத்தார். அவர் மூச்சை அடக்கின நேரம் பார்த்து மெல்லக் கேட்டாள்:

"ஹமீமா தாத்தா சொல்லிப்போட்டாவோ?"

"என்னத்தை?"

"ஒண்டுமில்லை. கீறுங்கோ."

இவ்வளவுதான். இன்றைக்கும் அந்த வீட்டில் காலை எட்டரைக்கு இடது கண் பிழைக்கிறது, எட்டே முக்காலுக்குத் திருந்துகிறது. வெள்ளவத்தைச் சந்தையில் கறுப்புக் கரைச் சேலையோடு ஜெயராணியை நீங்கள் காணக்கூடும். கண்டால், கண் வடிவாயிருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லுங்கோ. யார் கீறினது என்று மட்டும் தயவுசெய்து கேட்காதேயுங்கோ.